குமுளி, போடிமெட்டு ஏறும் வண்டிக்கு எந்த வழிகாட்டி: போனா, தனிக் கருவியா, காரின் திரையா?

தேனி மாவட்டத்தில் கேரள எல்லை மலையடிவாரத்தில் இருக்கும் கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "போன்லயே மேப் ஓடுதே, எதுக்குத் தனியா ஒரு ஜி.பி.எஸ். கருவி?" என்பார் ஒருவர். "மெட்டு ஏறினா டவர் போயிடுது, போனை நம்பி எப்படிப் போறது?" என்பார் இன்னொருவர். "பழைய ஸ்டீரியோவைக் கழட்டிட்டுப் பெரிய திரை போட்டுடலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி எங்கே ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போன் போதும். ஆனால் வெறும் போன் அல்ல. ஆஃப்லைன் மேப் இறக்கி, ஆடாத ஹோல்டரில் மாட்டி, ஒழுங்கான சார்ஜரில் செருகிய போன். தனிக் கருவி தேவைப்படுகிறவர்கள் குறைவு, ஆனால் நிச்சயம் இருக்கிறார்கள். மேப்புக்காக மட்டும் ஸ்டீரியோவை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. இனி காரணங்களைப் பார்க்கலாம்.

## டவர் வேறு, சாட்டிலைட் வேறு

"டவர் இல்லாத இடத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இதைச் சரிசெய்யாமல் எதையும் ஒப்பிட முடியாது.

ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு சிக்னலை அனுப்பியபடியே இருக்கின்றன. உங்கள் போனோ கருவியோ அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு சாட்டிலைட்டுகளின் சிக்னல் கிடைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இதற்கு சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம்.

டேட்டா வேண்டியது மற்ற வேலைகளுக்கு: மேப்பின் படத்தை இறக்க, ஊர் பேரைத் தேட, டிராஃபிக் பார்க்க, அடைபட்ட சாலையைத் தெரிந்துகொள்ள. குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி டவர் போனதும் போன் திரையில் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டேதான் இருக்கும்; அடியில் இருக்க வேண்டிய சாலைப் படம்தான் காணாமல் போகும். மேப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் அந்தப் படமும் இருக்கும்.

டவர் இருந்தும் நெட் போகிற சங்கதி ஒன்று எல்லையில் உண்டு. தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்கு மாறும்போது சில போன்களில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் நெட் நின்றுவிடும். கம்பத்திலேயே அதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மலையில் இன்னொரு சிக்கல், இது எல்லாக் கருவிக்கும் பொது. ஒரு பக்கம் பாறைச் சுவர் நின்றால் பாதி வானம் மறைந்துவிடுகிறது; வருகிற சிக்னலிலும் கொஞ்சம் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேல் வளைவில் ஏறிக்கொண்டிருப்போம், திரையில் அம்புக்குறி கீழ் வளைவுக்குத் தாவி, வண்டி இறங்குவதுபோல் திரும்பிக் காட்டும், பிறகு மறுபடி மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு சாலையும் மேலிருந்து பார்த்தால் அவ்வளவு நெருக்கம். இப்போதைய போன்கள் அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ சாட்டிலைட்டுகளையும் சேர்த்தே கேட்பதால் இந்தத் தாவல் குறைவு. ஜி.பி.எஸ். மட்டும் தெரிந்த பழைய கருவிகளில் அதிகம்.

## எதை வைத்து அளப்பது

திரை எத்தனை அங்குலம் என்பதில் தொடங்குவது கடைக்காரர் பேச்சு. மலை ஏறுகிறவர்கள் பார்க்க வேண்டியவை வேறு.

நெட் இல்லாதபோது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது முதலில். மேப் எவ்வளவு புதுசு, அதைப் புதுப்பிக்க என்ன பாடு என்பது அடுத்து. போக வேண்டிய இடத்தை அதனிடம் எப்படிச் சொல்வது என்பது மூன்றாவது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு வீட்டு எண்ணும் தெருப் பேரும் கிடையாது, வாட்ஸ்அப்பில் வருகிற லொகேஷன்தான் முகவரி. நான்காவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: ஓட்டுகிறவருடைய கண்ணும் கையும் சாலையை விட்டு எவ்வளவு நேரம் விலகுகிறது. கடைசியில் செலவு, அதுவும் வாங்கிய பிறகு வருகிற செலவு.

## போன்

மேப் புதுசாக இருப்பதில் போனை எதுவும் நெருங்க முடியாது. திண்டுக்கல்–குமுளி சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்துவிட்டன. போனில் இருக்கும் மேப் உங்களை அதில் கொண்டுபோகும். பழைய கருவி இன்னும் கம்பம் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்குள்தான் இழுக்கும்.

இடம் தேடுவதும் இதில்தான் சுலபம். தோட்டத்து மேனேஜர் லொகேஷன் அனுப்புகிறார், தொட்டால் வழி வருகிறது. கூகுள் மேப்ஸில் 2018 முதல் தமிழிலும் குரல் வழிகாட்டல் இருக்கிறது. ஆங்கில அறிவிப்பைக் கேட்டுப் புரிந்துகொண்டு, பிறகு திரும்புவதற்குள் வளைவு போய்விடும் என்று சொல்லும் ஓட்டுநர்களுக்கு இது பெரிய உதவி.

நெட் இல்லாதபோது என்ன ஆகும்? கூகுள் மேப்ஸில் தேனியிலிருந்து கோட்டயம், மூணாறு வரை ஒரு கட்டம் போட்டு வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிடலாம். அதில் கார் போகிற வழி கிடைக்கும். டிராஃபிக் தெரியாது, மாற்று வழிகள் காட்டாது. இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, எனவே கிளம்புமுன் ஒரு தடவை திறந்து பார்த்துப் புதுப்பியுங்கள். இதோடு ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் ஓடுகிறது. 2004-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்துவருகிற வரைபடம் அது. தமிழ்நாடு, கேரளா இரண்டையும் முழுசாக இறக்கிக்கொள்ளலாம், நெட் அறவே வேண்டாம். தோட்டத்துக்குள் போகிற மண் பாதைகள்கூட அதில் பல இடங்களில் இருக்கும். கடை, லாட்ஜ் பேர் தேடினால் மட்டும் ஏமாற்றம்தான்.

சரி, போனில் குறை என்ன?

முதல் குறை சூடு. ஐபோன் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்தத்தான் செய்யப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை மாதம் மதியம் தேனியில் முன்கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் சூடானால் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் எச்சரிக்கை காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் ஹோல்டரை மாட்டுவது இதற்கு நல்ல வழி. ஆனால் சின்ன எஞ்சின் கார்களில் ஏற்றத்தில் ஏ.சி.யை அணைத்துவிடுகிறோம் இல்லையா, அப்போது அந்தக் குளிர்ச்சி போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்துவிடுவதால் மலையில் பிரச்சினை குறைவு; தேனியிலிருந்து அடிவாரம் வரைக்கும்தான் பாடு.

இரண்டாவது சார்ஜ். பழைய கார் ஸ்டீரியோவில் இருக்கும் யு.எஸ்.பி. துளை பாட்டுக்காக வைத்தது. பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். மேப் ஓடும்போது போன் அதைவிட அதிகம் குடிக்கும், எனவே செருகியிருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் நல்ல சார்ஜரும் தரமான ஒயரும் வாங்குவதுதான் இந்த வழியின் உண்மையான செலவு. அதையும் ஹோல்டரையும் சேர்த்தாலும் மற்ற இரண்டு வழிகளின் பக்கத்தில் வராது.

மூன்றாவது குறைதான் பெரியது. போன் என்றால் அழைப்பு வரும். போடியில் எனக்குத் தெரிந்த ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு ஏல நாளில் போன் ஓயாது. புற்றடியிலும் போடியிலும் நடக்கிற மின்னணு ஏலத்தில் விலை என்ன போகிறது என்று ஆட்கள் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் மேப் சின்னக் கட்டமாகச் சுருங்கும், வழி சொல்லும் குரல் நின்றுவிடும். அதற்குள் பூப்பாறையில் பிரிய வேண்டிய இடம் தாண்டியிருக்கும். பழைய போன் ஒன்றை மேப்புக்கு மட்டும் ஒதுக்குவது இதற்கு ஒரு வழி. வீட்டில் சும்மா கிடக்கிற போனில் ஆஃப்லைன் மேப்பை இறக்கி, சிம் இல்லாமலே மாட்டிவிட்டால் செலவில்லாமல் ஒரு தனிக் கருவி கிடைத்த மாதிரிதான். வாங்குவதற்கு முன் இதை ஒரு மாதம் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுகிறவருடைய கவனம் சிதறாத வகையில். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் சோதனைச் சாவடியில் இந்த வாதம் நிற்காது. ஹோல்டர் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அபராதம் மட்டும் காரணமில்லை. மடியில் வைத்த போனைக் குனிந்து பார்க்கும் அந்த நேரத்தில் எதிரே வளைவில் ஜீப் வரும். மலையில் இறங்குகிற ஜீப்புகள் எப்படி வரும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

## தனிக் கருவி

கண்ணாடியில் ஒட்டுகிற இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது 2005-இல் வந்த கார்மினின் நூவி. இந்தியாவில் மேப்மைஇந்தியாவும் இப்படிக் கருவிகள் விற்றது. ஸ்மார்ட்போன் பரவிய பிறகு சந்தை சுருங்கிவிட்டது. இப்போது நம் பக்கம் கைமாறுபவை பெரும்பாலும் பழையவை, அல்லது வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தவை.

உத்தமபாளையத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னும் இதைத்தான் வைத்திருக்கிறார். அவருடைய காரணங்களைக் கேட்டால் நியாயமாகவே இருக்கும். சுவிட்சைப் போட்டால் வழி மட்டும் காட்டும், வேறு எதையும் காட்டாது. நாடு முழுக்க மேப் உள்ளேயே இருக்கிறது, குட்டிக்கானத்தில் டவர் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குக் கவலையே இல்லை. வெயிலில் எழுத்து தெரிகிறது, பட்டன்கள் பெரிசு. போன் சட்டைப் பையில் தூங்குகிறது. அறுபதைத் தாண்டியவருக்கு ஓட்டும்போது இப்படி ஒரே வேலை செய்கிற ஒரு பொருள் எவ்வளவு நிம்மதி என்பதை இளைஞர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. போடிமெட்டில் பனிமூட்டம் இறங்கி பானட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது, அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு மடிப்பு என்பதை அந்தச் சின்னத் திரை தெளிவாகக் காட்டுகிறது. அதைப் பார்த்து வேகம் கூட்டுவது ஆபத்து. ஆனால் பழக்கமில்லாத சாலையில் வேகத்தைக் குறைக்க அது உதவுகிறது.

ஏலக்காய் வியாபாரியும் கடைசியில் இதற்குத்தான் வந்தார். அழைப்புகளோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல் என்கிறார். அவர் அளவுக்குப் போன் அடிக்கிற ஆளுக்கு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இப்போது மறுபக்கம், இது நீளம்.

மேப் பழையதாக இருந்தால் கருவி நம்மை எப்படி நடத்தும் என்பதைப் புறவழிச்சாலையில் பார்க்கலாம். வண்டி புதுச் சாலையில் வழுவழுவென்று போய்க்கொண்டிருக்கும். திரையில் சாலையே இல்லாத வெற்றுப் பச்சையில் அம்புக்குறி மிதக்கும். கருவி கணக்குப் போடும், நூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பச் சொல்லும். இடது பக்கம் தென்னந்தோப்பு. மறுபடி கணக்குப் போடும், மறுபடி திரும்பச் சொல்லும். கூடலூர் வரும்வரை இதே கூத்து. நெடுஞ்சாலை எண்களும் அப்படித்தான். கொல்லம்–தேனி சாலை இப்போது 183, பழைய மேப்பில் 220. மூணாறு வழியாகக் கொச்சி போகிற சாலை இப்போது 85, பழைய மேப்பில் 49. பலகையில் ஒன்று, கருவி சொல்வது வேறொன்று என்றால் புதிதாக வருகிறவர் தடுமாறத்தான் செய்வார். மூணாறு–போடிமெட்டு சாலையை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்தார்கள். பழைய மேப் அதே பழைய குறுகல் சாலைக்கான நேரக் கணக்கைத்தான் வைத்திருக்கும்.

புதுப்பிக்கலாமே என்றால், கம்ப்யூட்டர் வேண்டும், ஒயர் வேண்டும், நிறைய ஜி.பி. இறங்க வேண்டும். அதற்குப் பிறகு தெரியும், கருவியின் உள் நினைவகத்தில் புது மேப்புக்கு இடம் போதவில்லை என்று. மைக்ரோ எஸ்.டி. கார்டு போட்டால் சமாளிக்கலாம், கருவியில் அதற்கான துளை இருந்தால். "வாழ்நாள் மேப்" என்று பெட்டியில் போட்டிருப்பது உங்கள் வாழ்நாள் அல்ல. அந்த மாடலுக்கு நிறுவனம் மேப் தருகிற வரைக்கும்தான்.

வெளிநாட்டிலிருந்து வருகிற கருவியில் இன்னொரு மறைமுகச் செலவு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கியதில் அந்தப் பகுதி மேப்தான் இருக்கும். இங்கே மாட்டினால் திரையில் நெடுஞ்சாலைக் கோடு ஒன்றிரண்டு தெரியும், ஊருக்குள் வெறுமை. இந்திய மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அன்போடு வந்த பரிசுதான், ஆனால் அதை நம்பி மலை ஏறுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இடத்தைச் சொல்வதும் சிரமம். வாட்ஸ்அப் லொகேஷனைக் கருவிக்கு அப்படியே அனுப்ப முடியாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கையால் போட வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. போன் மேப் எண்களைத் தசமத்தில் தரும். பல கருவிகள் டிகிரி, நிமிடம் என்று கேட்கும். 9.50 என்று வந்த எண்ணை 9 டிகிரி 50 நிமிடம் என்று போட்டால் தப்பு, 9.50 என்பது 9 டிகிரி 30 நிமிடம். அந்த 20 நிமிட வித்தியாசம் தரையில் சுமார் 37 கி.மீ. கருவியின் அமைப்புக்குள் போய்த் தசம முறைக்கு மாற்றிவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பழையதை விலைக்கு வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, திறந்த வெளியில் வைத்து சாட்டிலைட் பிடித்த பிறகு அது காட்டும் தேதி. ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அன்றிலிருந்து தப்பான தேதி காட்டுகின்றன. தேதி பல வருடம் பின்னால் இருந்தால் அந்தக் கருவியை யாரும் வெகுநாளாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். இரண்டு, மேப் எந்த ஆண்டுப் பதிப்பு. மூன்று, சார்ஜ் ஒயரைக் கழற்றினால் எவ்வளவு நேரம் தாங்குகிறது. உள் பேட்டரி வயதாகி உப்பியிருந்தால் திரை ஓரத்தில் இடைவெளி தெரியும். நான்கு, கண்ணாடியில் ஒட்டும் ரப்பர். அது காய்ந்திருந்தால் சரியாக வளைவில்தான் கழன்று காலடியில் விழும், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில்.

வெகுநாள் அலமாரியில் கிடந்த கருவியை எடுத்தால் உடனே இடம் பிடிக்கவில்லையே என்று பதற வேண்டாம். சாட்டிலைட்டுகளின் முழு அட்டவணை ஒரு சுற்று வந்து சேரவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். எனவே வானம் திறந்திருக்கிற கம்பத்திலேயே போட்டு, இடம் பிடித்த பிறகு மலை ஏறுங்கள். நெட் இல்லாத போனுக்கும் இது பொருந்தும்.

## காரின் திரை

இதில் இரண்டு வகை இருக்கிறது, கடையில் இரண்டையும் ஒன்றாகப் பேசிவிடுவார்கள்.

காரோடு வந்த திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே இருந்தால், வேலை செய்வது உங்கள் போன், காட்டுவது மட்டும் திரை. கண்ணுக்கு நேராக, பெரிசாக, குரல் கார் ஸ்பீக்கரில். போனில் ஆஃப்லைன் மேப் இருந்தால் இதிலும் இருக்கும். உங்கள் காரில் இது ஏற்கெனவே இருந்தால் இந்த முழு ஒப்பீடும் உங்களுக்குத் தேவையில்லை. நல்ல ஒயர் ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

வெளியில் வாங்கிப் போடுகிற ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வேறு. அதற்குச் சொந்த ஜி.பி.எஸ். ஆண்டெனா இருக்கிறது, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. அதை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பத்து டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் வண்டியில் அதை கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தின் அடியில் செருகிவிட்டார்கள். திரையில் வண்டி எப்போதும் நிஜ வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பிரிவு தாண்டிய பிறகுதான் திரும்பச் சொல்லும். டேஷ்போர்டின் மேல் ஓரத்துக்கு அதை மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும்.

ஒயரை வெட்டி இணைத்தால் கார் வாரன்டிக்குச் சிக்கல். உங்கள் மாடலுக்கான கப்ளர் (ஒயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நினைவகம் குறைந்த மலிவு செட்டில் மேப் திறக்கவே நேரமாகும், ரிவர்ஸ் கேமராவும் பாட்டும் சேர்ந்தால் திணறும். நெட்டுக்குப் போனின் ஹாட்ஸ்பாட் வேண்டும், ஆக போன் இல்லாமல் முழுப் பயன் கிடையாது. சில செட்டுகள் வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கிற வண்டிக்கு அது பெரிய குறை. ரிவர்ஸ் கேமரா, பாட்டு, மேப் மூன்றும் வேண்டும் என்று தீர்மானித்தவர் போடட்டும். வழி பார்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

## எது வாங்கினாலும் ஏமாறும் இடங்கள்

இதைப் படிக்காமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் கேரள எல்லையை ஒட்டியே இரண்டு கூடலூர் இருக்கின்றன. ஒன்று கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவே, இன்னொன்று நீலகிரியில். சென்னையிலிருந்து கிளம்புகிற சொந்தக்காரருக்கு இரண்டுமே நாள் முழுக்க ஓட்டம் என்பதால் நேரத்தைப் பார்த்தும் சந்தேகம் வராது. கம்பம் என்று ஆங்கிலத்தில் தேடினால் ஆந்திராவிலும் அதே பேரில் ஓர் ஊர் வரும். ஊர் பேரைச் சொல்லாமல் லொகேஷன் அனுப்புங்கள். வழி போட்டதும் நடுவில் தேனி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ராமக்கல்மேட்டில் நின்றால் கீழே கோம்பையும் தேவாரமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஆனால் வண்டி கம்பம்மெட்டு ஏறிச் சுற்றித்தான் போக வேண்டும். மேப்பில் நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்த்து விடுதி பதிவு செய்தவர்கள் மாலையில் வந்து சேரத் தவிக்கிறார்கள்.

தோட்டத்துச் சாலைகளை மேப் பொதுச் சாலையாகவே காட்டும். மூன்று கிலோமீட்டர் குறைகிறது என்று உள்ளே விட்டால் முடிவில் பூட்டிய கேட் இருக்கும், திருப்ப இடம் இருக்காது. முன்னால் ஜீப்புத் தடம் மட்டும் தெரிந்து தார் மறைந்தால், அங்கேயே நிறுத்தி யாரையாவது கேளுங்கள்.

சபரிமலை சீசனில் தேனி மாவட்டப் போலீஸ் ஒருவழிப் பாதை அறிவிப்பார்கள். போகிற வண்டிகள் கம்பம்மெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழி. திரும்புகிற வண்டிகள் குமுளி வழி. கருவியோ ஆப்போ இதைத் தெரிந்து வைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்பத்தில் போலீஸ்காரர் வலது பக்கம் கைகாட்டுவார், குரல் "யு டர்ன் எடுக்கவும்" என்று விடாமல் சொல்லும். பம்பையை இலக்காகப் போடாமல் முதலில் கட்டப்பனை, அங்கே போனதும் குட்டிக்கானம் என்று ஊர் ஊராகப் போட்டால் இந்த நச்சரிப்பு இருக்காது.

மழைக்காலத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில் நள்ளிரவு மழையில் கார் ஆற்றுக்குள் போய் இளம் மருத்துவர்கள் இருவர் இறந்தார்கள். 2024 மே மாதம் கோட்டயம் மாவட்டம் குறுப்பந்தறையில் ஐதராபாத்திலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் நீரோடைக்குள் இறங்கியது. நல்லவேளை, உயிர் தப்பினார்கள். இரண்டிலும் மேப் பார்த்து வந்ததாகவே செய்திகள் சொல்லின. கோதுருத்துக்குப் பிறகு கேரளப் போலீஸ் மழைக்காலத்தில் மேப்பை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுரையே வெளியிட்டது. தண்ணீர் நிற்கும் சாலையும் நிற்காத சாலையும் மேப்புக்கு ஒன்றுதான்.

## யாருக்கு எது

மாதத்தில் ஓரிரு முறை மூணாறு, தேக்கடி என்று குடும்பத்தோடு போகிறவர்: போன், ஆஃப்லைன் மேப், ஹோல்டர், சார்ஜர். வேறெதற்கும் காசு போட வேண்டாம்.

தினம் எல்லை தாண்டித் தோட்டங்களுக்குப் போகிற, போன் ஓயாத வியாபாரி, கான்ட்ராக்டர்: முதலில் பழைய போனை மேப்புக்கு ஒதுக்குங்கள். சூடு தாங்காமல் அது அடிக்கடி அணைகிறது என்றால் தனிக் கருவிக்குப் போகலாம். புதியதாக, இந்திய மேப்போடு, இன்னும் புதுப்பிப்பு வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

போன் திரையில் தடவித் தடவித் தேடுவது பிடிக்காத பெரியவர்கள்: தனிக் கருவி அவர்களுக்கு மரியாதையான தேர்வு. மேப் புதுப்பிக்கிற வேலையை வீட்டில் ஓர் இளையவர் பொறுப்பில் விடுங்கள், இல்லையென்றால் பெரியவர் தென்னந்தோப்புப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருப்பார்.

டாக்ஸி ஓட்டுநர்: வாடிக்கையாளர் முன்னால் திரை இருப்பது தொழிலுக்கு நல்லது, ரிவர்ஸ் கேமராவும் உதவும் என்றால் ஸ்டீரியோ போடலாம். ஆண்டெனாவை டேஷ்போர்டு மேல் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். போனில் ஆஃப்லைன் மேப் எப்படியும் இருக்கட்டும்.

வேனில் மாலை போட்டுக் கிளம்புகிற குழு: ஓட்டுநர் கண்ணுக்கு முன்னால் எந்தத் திரையும் வேண்டாம். பக்கத்தில் உட்காருகிற சாமி ஒருவர் போனை வைத்துக்கொண்டு வாயால் சொல்லட்டும். இரவில் ஏறுவதாக இருந்தால் அவர் தூங்காத ஆளாக இருக்க வேண்டும்.